சரோதரில் மூட்டை, பன்னியில் புல்

ஆனந்த்

குஜராத்தின் சரோதர் சமவெளியில் ஒரு மேட்டைக் கண்ணில் காண்பது அபூர்வம். ஆனந்தைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் புகையிலை, வாழை, மறுபடியும் புகையிலை. வரப்போரத்திலும் கிணற்றடியிலும் ஆளுயரத்துக்கு நேப்பியர் புல். தை பிறக்கச் சில நாள்களே இருந்தன. விடியற்காலைக் குளிரில், சேலைத் தலைப்பை முக்காடிட்ட பெண்கள் எவர்சில்வர் தூக்குகளோடு பால் சங்கத்தில் வரிசையாக நின்றார்கள். சத்தமே இல்லை. எங்கள் தாராபுரம் பக்கம் இந்நேரம் சங்கத்து வாசலில் நாலு பேராவது அரசியல் பேசிக்கொண்டிருப்பார்கள். பால் ஊற்ற வந்தவரைவிடப் பேச வந்தவர்தான் அதிகம்.

தூக்கை நீட்டினால் எடை போடுகிறார்கள். சின்னக் குப்பியில் கொஞ்சம் எடுத்து இயந்திரத்தில் வைத்தால் கொழுப்பு இவ்வளவு, மற்றத் திடச்சத்து இவ்வளவு என்று திரையில் வருகிறது. விலையோடு சீட்டும் வந்துவிடுகிறது. பின்னறையில் கூரை முட்டத் தீவன மூட்டைகள், ‘அமுல் தாண்’ என்று அச்சடித்தவை. வாங்கிப் போனால் பால் காசில் கழித்துக்கொள்வார்கள். முன்வாசலில் பால் உள்ளே போகிறது, பின்வாசலில் தீவனம் வெளியே வருகிறது. முன்வாசலைப் பற்றி உலகமே எழுதித் தீர்த்துவிட்டது. நான் பார்க்க வந்தது பின்வாசலை.

அமுல் என்று நாம் அறியும் கெய்ரா மாவட்டப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு ஒன்றியம் பதிவானது 1946 டிசம்பர் 14ஆம் தேதி. திரிபுவன்தாஸ் படேல் ஊர் ஊராகப் போய்ச் சங்கங்களைக் கட்டினார். 1949இல் வேண்டாவெறுப்பாக ஆனந்துக்கு வந்து சேர்ந்த வர்கீஸ் குரியன் பிறகு இந்த ஊரை விட்டுப் போகவே இல்லை. அவர் பள்ளிக்கூடம் படித்தது எங்கள் பக்கத்துக் கோபிசெட்டிபாளையத்தில். கல்லூரி லயோலாவும் கிண்டியும். ஊருக்கே பால் வார்த்த அந்த மனிதருக்குப் பால் குடிக்கப் பிடிக்காது என்பது தனிக் கதை.

நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு இங்கே வேலைக்கு வந்த நண்பர் ஒருவர் கூட வந்தார். வயதில் சின்னவர், என்னை அண்ணா என்பார். அவர் கூட்டிப்போன வீட்டில் மூன்று எருமை, ஒரு கலப்பினப் பசு. வீட்டுப் பெரியவரை எல்லோரும் ‘பா’ என்றார்கள், பாட்டி என்கிற முறையில். நானும் அப்படியே அழைத்தேன்.

கொட்டகைக்குள் போனதும் பா செய்த முதல் காரியம், தொட்டியில் முந்தின இரவு மிச்சம் கிடந்ததை அள்ளிப் பார்த்ததுதான். வெறும் தண்டு மிஞ்சியிருந்தால் சரி. இலையும் மிஞ்சியிருந்தால் மாட்டுக்கு ஏதோ கோளாறு. தொட்டியின் மூலையில் தீவனம் கட்டி தட்டியிருந்ததை விரலால் வழித்து முகர்ந்தார், முகம் சுளித்தார், வெளியே எறிந்தார். பூஞ்சை பிடித்த பிண்ணாக்கிலிருந்து அப்லாடாக்சின் என்கிற நஞ்சு பாலுக்குள் இறங்கும் என்று நண்பர் எனக்குத் தமிழில் விளக்கிக்கொண்டிருந்தார். பாவுக்கு அந்த விளக்கம் தேவைப்படவில்லை. மூக்கு போதும்.

கறவைக்கு அடர்தீவனக் கணக்கு நாடு முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான். உடம்பைக் காக்க ஒன்றரை முதல் இரண்டு கிலோ. அதற்கு மேல், பசுவென்றால் இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ, எருமையென்றால் இரண்டு லிட்டருக்கு ஒரு கிலோ. எருமைப் பாலில் கொழுப்பு கூடுதல், அதனால் தீனியும் கூடுதல். பா ஒரு பழைய எண்ணெய் டப்பாவில் அளந்து போட்டார். எருமைகளுக்குத் தலை தட்டாமல், பசுவுக்குத் தலை தட்டி. சீட்டில் எருமைப் பாலுக்குத்தானே நல்ல விலை விழுகிறது!

நண்பர் டேப்பை எடுத்துப் பசுவின் முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளந்தார். 66 அங்குலம். தோள் முனையிலிருந்து பின் இடுப்பு எலும்பு வரை நீளம் 58. சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 660ஆல் வகுத்தால் எடை கிலோவில் கிடைக்கும். உள்ளங்கையில் பேனாவால் போட்டுப் பார்த்துவிட்டு, “முந்நூத்தி எண்பத்து மூணுங்கண்ணா” என்றார். இந்த உடம்புக்கு, தீனியில் உள்ள ஈரத்தைக் கழித்துவிட்டுக் கணக்கிட்டால், நாளைக்குப் பத்து பதினோரு கிலோ உள்ளே போக வேண்டும். பச்சைப் புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். வயிறு உப்பிக் கிடக்கும், சத்து போயிருக்காது. “நம்மூர்ல பாதி மாடு இப்படித்தானுங்க, பார்க்கப் பசியாறின மாதிரியே நிக்கும்.”

தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியம் 1965இல் இதே ஆனந்தில் தொடங்கப்பட்டது. இந்த உள்ளங்கைக் கணக்கையே பின்னாளில் அவர்கள் கணினியில் ஏற்றினார்கள். காதில் எண் போட்ட தோடு மாட்டிய ஒவ்வொரு மாட்டுக்கும், வீட்டில் என்ன தீனி இருக்கிறதோ அதை வைத்தே, குறைந்த செலவில் எதை எவ்வளவு போடலாம் என்று பட்டியல் கொடுக்கும் திட்டம். உள்ளூர் ஆள் ஒருவருக்கே பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். பால் உற்பத்திச் செலவில் அறுபது எழுபது சதவீதம் தீவனத்துக்கே போகிறபோது, இதைவிட உருப்படியான யோசனை எனக்குத் தோன்றவில்லை.

பாவின் பட்டியலில் ஓட்டை ஒன்று இருந்தது. தாது உப்புக் கலவை போடுவதில்லை. “கல்லுப்பு போடுகிறேனே” என்றார். கல்லுப்பில் கால்சியமும் பாஸ்பரஸும் துத்தநாகமும் இல்லை. நாளைக்கு 50 கிராம் கலவை போட்டால் போதும், பசு பருவத்துக்கு வராமல் இழுத்தடிப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்று நண்பர் சொன்னார். பா கொஞ்ச நேரம் யோசித்தார். “வாங்கிப் போடுகிறேன். தின்னாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டால் மாட்டைக் கொண்டுவந்து உன் வீட்டு வாசலில் கட்டிவிடுவேன்.”

அடுப்பில் ஒரு பெரிய பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது. கன்று ஈன்று சில நாளே ஆன எருமைக்கு, கம்பும் கொத்தவரை நொய்யும் வெல்லமும் வெந்தயமும் சேர்த்து வேகிறது. பக்கத்து அடுப்பில் அதே கம்பு மாவில் எங்களுக்கு ரோட்லா. உள்ளங்கைகளுக்கு நடுவில் தட்டித் தட்டி அகலமாக்கி, மண் ஓட்டில் போட்டு எடுத்து, நடுவில் குழி செய்து வெண்ணெயை வைத்தார்கள். பூண்டுச் சட்னி, சுட்ட கத்தரிக்காய் மசியல், ஒரு செம்பு மோர். கம்பஞ்சோறு தின்று வளர்ந்த எங்கள் ஊரில் இன்றைக்குக் கம்பை ‘சிறுதானியம்’ என்று அட்டைப்பெட்டியில் போட்டு விற்கிறார்கள். இங்கே மாடும் மனிதரும் ஒரே மூட்டையிலிருந்து தின்கிறார்கள்.

அஜர்புரா, கன்ஜரி

ஆனந்துக்குப் பக்கத்திலேயே அஜர்புரா. 1964 அக்டோபர் இறுதியில் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி ஓர் இரவு இந்தக் கிராமத்தில் ஒரு விவசாயி வீட்டில் தங்கினார். வீடு வீடாகப் போய்ப் பேசினார். மண்ணில் விசேஷமில்லை, மழை மற்ற ஊர்களைப் போலத்தான், தீனியும் அதிகமில்லை, எருமைகள் உத்தரப் பிரதேசத்து எருமைகள் அளவுக்குக்கூட இல்லை. பிறகு எப்படி இந்தப் பால்பண்ணை மட்டும் ஜெயிக்கிறது என்று மறுநாள் குரியனிடம் கேட்டார். பண்ணை விவசாயிகளுக்கே சொந்தம் என்பதுதான் விடை. அந்த விடையிலிருந்து பால்வள வாரியம் பிறந்தது, அதிலிருந்து வெண்மைப் புரட்சி பிறந்தது. கதை எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் சாஸ்திரி இங்கே எதற்கு வந்தார் என்பதைக் கதை சொல்கிறவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். கன்ஜரியில் கட்டிய மாட்டுத் தீவன ஆலையைத் திறந்துவைக்கத்தான் வந்தார். விவசாயிகளின் ஒன்றியம் பாலைப் பதப்படுத்துவதோடு நிற்காமல், மாடு தின்பதையும் தன் கையில் எடுத்துக்கொண்ட இடம் அது. தவிட்டையும் பிண்ணாக்கையும் கடைக்காரர் சொல்லும் விலைக்கு வாங்கினால், பாலில் வந்த லாபம் தீனியில் போய்விடும் என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது.

கன்ஜரிப் பக்கம் வண்டியின் கண்ணாடியை இறக்கினால் கரும்புப் பாகின் வாசனை. எண்ணெய் எடுத்த தவிடு, மக்காச்சோளம், பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு எல்லாவற்றையும் அரைத்து, பாகு ஊற்றி, ஆவியில் பதமாக்கிக் குச்சி குச்சியாகப் பிழிவார்கள். தூளாகக் கொடுத்தால் மாடு பிடித்ததைப் பொறுக்கிக்கொண்டு மற்றதை ஒதுக்கும். குச்சியில் அந்தச் சாமர்த்தியம் செல்லாது.

கடி, மெஹ்சாணா

வடக்கே போகப் போக மழை குறைகிறது, பால் மட்டும் குறையவில்லை. கடியில் நுழையும்போதே பருத்திக்கொட்டை ஆட்டும் வாடை. ஆலை வாசல்களில் லாரிகள். மதுரைக்காரர்கள் பருத்திக்கொட்டையை ஆட்டிப் பாலெடுத்து, வெல்லமும் சுக்கும் போட்டு மனிதருக்கே கொடுக்கிறார்கள் என்றேன். பிண்ணாக்குக் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார், நம்பவில்லை. ஒரு துண்டை எடுத்து நொறுக்கி, தண்ணீரில் போட்டுக் காட்டினார். அடியில் மண் தங்கினால் கலப்படம். அவருடைய சரக்கில் தங்கவில்லை. தங்காத துண்டாகப் பார்த்து எடுத்தாரோ என்னவோ.

உத்தராயண் அன்று மெஹ்சாணாவில் இருந்தேன். நமக்குப் பொங்கல், அவர்களுக்குப் பட்டம். மொட்டை மாடிகளில் ஊரே நின்றது. ஒரு பட்டம் அறுந்தால் தெரு முழுக்க ஊளை. மதியம் ஊந்தியு: கிழங்கும் அவரையும் கத்தரியும் எண்ணெயில் மிதக்கும் ஒரு குழம்பு, கூடவே ஜிலேபி. அன்றைக்குப் பசுவுக்குக் கொடுப்பது புண்ணியம் என்பதால் தெருமுனையெங்கும் பச்சைப்புல் கட்டுகள் விற்றார்கள். வீட்டுக்கு வீடு வேகவைத்த தானியம், குக்ரி என்கிறார்கள். தெரு மாடு ஒவ்வொன்றும் பத்து வீட்டு வாசலிலாவது வாய் வைத்திருக்கும்.

நண்பர் மட்டும் பட்டத்தைப் பார்க்கவில்லை, கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்பார்த்த அழைப்பு சாயங்காலம் வந்தது. ஒரு பசு எழுந்திருக்கவில்லை, இடப்பக்கம் உப்பியிருக்கிறது.

மாட்டின் முதல் வயிறு ஒரு மாவுப் பானை. உள்ளே கோடானுகோடி நுண்ணுயிர்கள் புல்லையும் வைக்கோலையும் மெதுவாகப் புளிக்கவைக்கின்றன, அந்தப் புளிப்பிலிருந்துதான் மாட்டுக்குச் சக்தியும் பாலுக்குக் கொழுப்பும் வருகின்றன. நார் தின்று பழகிய வயிற்றில் திடீரென்று வெந்த தானியத்தைக் கொட்டினால் புளிப்பு தாறுமாறாக ஏறும். அமிலம் கூடி அசை போடுவது நின்றுவிடும். உப்பும், கழியும், சில மாடு செத்தே போகும். மருந்து பெரிதாக ஒன்றுமில்லை: உரிய நேரத்தில் ஆப்பச்சோடாக் கரைசல். உரிய நேரத்தில் என்பதுதான் சிக்கல். நம்மூர் மாட்டுப் பொங்கலிலும் இதே கதைதான். கொம்புக்கு வர்ணம் பூசி, பானைச் சர்க்கரைப் பொங்கலை ஊட்டிவிட்டு, மறுநாள் டாக்டரைத் தேடுவோம். வருஷா வருஷம் கால்நடை மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள், நாமும் வருஷா வருஷம் ஊட்டுகிறோம். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு இந்தப் பக்கமும் பக்தி மாட்டின் வயிற்றைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

அந்தப் பசு இரவு ஒன்பது மணிக்கு எழுந்து நின்று சாணம் போட்டது. வீட்டுக்காரர் எங்களுக்குத் தட்டில் ஊற்றிய தேநீர் கொடுத்தார்.

மறுநாள் கண்ணுக்கெட்டிய தூரம் குதிரைமசால் வயல். இங்கே அதை ரஜ்கோ என்கிறார்கள். வறண்ட பூமியில் இவ்வளவு பச்சை கண்ணை உறுத்தியது. விதைத்து ஐம்பது அறுபது நாளில் முதல் அறுப்பு, பிறகு மாதத்துக்கொரு அறுப்பு. புரதம் நிறைந்த தீனி, மாட்டுக்கு உயிர். ஆனால் குடிப்பது மழையை அல்ல. நூற்றுக்கணக்கான அடி ஆழத்து ஆழ்துளைக் கிணறு, சில இடங்களில் ஆயிரம் அடியையும் தாண்டியது. ஒரு விவசாயி தன் கிணற்றுக் குழாயைக் காலால் தட்டிக்காட்டி, தாத்தா காலத்தில் கவலை இறைத்த இடம் இது என்றார். அவருடைய எருமைகள் பளபளவென்று இருந்தன. மெஹ்சாணி எருமை, அரிவாள் கொம்பு. அந்தப் பளபளப்பில் பாதி கடியின் பிண்ணாக்கு, பாதி பூமிக்கடியில் எப்போதோ சேர்ந்த தண்ணீர். தண்ணீரை வெளியூருக்கு விற்காதே என்று சண்டை போடுகிற நாம் பாலை எந்தக் கூச்சமும் இல்லாமல் டேங்கரில் அனுப்புகிறோம். கோயம்புத்தூர், திருப்பூர்ப் பக்கம் தென்னந்தோப்புக்கு ஆயிரம் அடி போட்டவர்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை.

பாலன்பூர்

நின்றது கொஞ்ச நேரம்தான். ஒரு காங்கிரேஜ் பசு சாலையைக் கடக்கும்வரை. வெள்ளிச் சாம்பல் நிறம், யாழ் போல் வளைந்த கொம்பு, அவசரமே இல்லாத நடை. லாரி ஓட்டுநர்கூட ஹாரன் அடிக்கவில்லை. இந்த இனம்தான் பிரேசிலுக்குப் போய் அங்கே குஸெரா ஆனது. இதன் பூர்வீக ஊர்களிலேயே இப்போது கலப்பினக் கொட்டகைகள் பெருகிவிட்டன.

பன்னி

புஜ்ஜைத் தாண்டினால் நிலம் தட்டையாகி, வெளுத்து, முடிவில் வானத்தோடு ஒட்டிக்கொள்கிறது. ரண் என்கிற உப்புவெளியின் ஓரத்தில் இரண்டாயிரத்து ஐந்நூறு சதுர கிலோமீட்டர் பரப்பில் பன்னி புல்வெளி. பிரண்டியாராவில் வண்டியை நிறுத்தி மாவா வாங்கினோம். எருமைப் பாலைச் சுண்டக் காய்ச்சிச் சர்க்கரை போட்டது, இலையில் வைத்துத் தருகிறார்கள். பாலை வெளியூருக்கு அனுப்ப வழியில்லாத காலத்தில் நெய்யும் மாவாவும்தான் இந்த ஊரின் வருமானம். பால் வண்டி வரத் தொடங்கிய பிறகும் மாவா அடுப்பு அணையவில்லை.

இங்கே எருமைகள் ராத்திரியில் மேய்கின்றன. கேள்விப்பட்டதுதான், ஆனாலும் பார்த்தபோது நம்ப நேரமாயிற்று. சாயங்காலம் கறந்து முடித்ததும் மால்தாரி என்கிற மேய்ச்சல்காரர் ஒருவர் வேலி மரத்தை நகர்த்தினார், அவ்வளவுதான். கொம்பு இரட்டைச் சுருளாகச் சுருண்ட ஒரு கிழட்டு எருமை முன்னே நடந்தது. அறுபதுக்குக் குறையாத கூட்டம் பின்னே போனது. மேய்ப்பவர் யாரும் கூடப் போகவில்லை. பகல் வெயிலில் கறுப்புத் தோல் தாங்காது, இரவில் ஈயும் இல்லை வெக்கையும் இல்லை. விடிந்ததும் அவையே திரும்பி வந்துவிடும், கன்றுகள் இங்கேதானே இருக்கின்றன என்றார். 2010இல் பன்னி எருமையைத் தனி இனமாக அங்கீகரித்தார்கள். அதற்கு முன்னால் இவர்களுக்கு அது எருமை, அவ்வளவே.

காலையில் புல்லைப் பார்க்க நடந்தோம். குனிந்து ஒரு தாளைப் பிடுங்கியபோது கை தானாக அடையாளம் கண்டுகொண்டது. இவர்கள் தாமண் என்கிறார்கள், எங்கள் காங்கேயம் கொரங்காட்டில் கொழுக்கட்டைப் புல். அதே கரடுமுரடான கதிர், வேட்டியில் ஒட்டும் அதே சொரசொரப்பு. மழை பெய்தால் எழும், பெய்யாவிட்டால் வேரில் காத்திருக்கும். எங்கள் பக்கம் கிளுவை வேலி கட்டிக் காடு காடாகப் பிரித்து, ஒவ்வொரு காட்டிலாக மாட்டை விடுவோம். இங்கே வேலியே கிடையாது. புல்வெளி எல்லோருக்கும் பொது, அவரவர் எருமைக்கு அதனதன் தடம்.

பொதுவாக இருந்த புல்வெளியில் பெரும்பகுதி இப்போது முள். 1960களின் தொடக்கத்தில் ரண்ணின் உப்பு உள்ளே வராமல் தடுக்க வனத்துறை நட்டது. இங்கே காண்டோ பாவள், பைத்தியக்கார வேலமரம் என்கிறார்கள். நமக்குச் சீமைக்கருவேலம். ராமநாதபுரம் சாலையில் போவது போலவே இருந்தது, கானலுக்கு நடுவில் அதே சாம்பல் பச்சை. அதன் காயைத் தின்ற காங்கிரேஜ் மாடுகள் செரிக்காமல் செத்தன, அதனால்தான் பசுவை விட்டு எருமைக்கு மாறினோம் என்றார் மால்தாரி. முழுக் காயாகத் தின்றால் விதை செரிக்காமல் சாணத்தில் வந்து, விழுந்த இடத்தில் முளைக்கும். மரத்தைப் பரப்பியதில் மாட்டுக்கும் பங்கு உண்டு. காயை விதையோடு அரைத்துத் தீவனத்தில் அளவாகச் சேர்த்தால் கெடுதி இல்லை, இனிப்பும் புரதமும் உண்டு என்று நண்பர் சொல்லிப் பார்த்தார். மால்தாரி தலையாட்டினார். ஒப்புக்கொண்ட தலையாட்டல் அல்ல. வந்தவர் சொல்கிறாரே என்கிற மரியாதை.

முற்றிலும் மூட்டையில்லாத ஊர் என்றும் சொல்லிவிட முடியாது. கறக்கும் நேரத்தில் ஆளுக்கொரு கை பருத்திப் பிண்ணாக்கு வைத்தார்கள். சாக்குப் பையில் கடி ஊர்ப் பெயர் அச்சாகியிருந்தது. மழை பொய்த்த வருஷங்களில் மந்தையை ஓட்டிக்கொண்டு நீர் தேடிப் போவோம், அப்போது பிண்ணாக்குச் செலவு ஏறும் என்றார். நல்ல எருமைகளுக்கு வெளியூரிலிருந்து ஆள் வந்து பெரிய விலை கொடுக்கிறார்கள். மும்பையின் தபேலா என்கிற தொழுவங்களுக்குப் போகும் எருமைகள் அங்கே இரவும் பகலும் கட்டுத்தறியில். இதைச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தம் இருந்ததா என்று கவனித்தேன். அவ்வளவாக இல்லை. வீட்டில் கல்யாணம் இருக்கிறதாம்.

கயிற்றுக் கட்டிலில் உட்காரவைத்து ரோட்லாவும் வெண்ணெயும் கெட்டி மோரும் கொடுத்தார்கள். உங்கள் ஊரில் மாடு ராத்திரி என்ன செய்யும் என்று கேட்டார். கட்டிக் கிடக்கும் என்றேன். பகலில்? பகலிலும் பெரும்பாலும் கட்டித்தான். அப்புறம் எப்படிப் பால் வருகிறது? மூட்டை என்றார் நண்பர். ஒரு மாட்டுக்கு மாதம் எத்தனை மூட்டை என்று கேட்டார். நாளைக்கு ஆறு கிலோ என்று வைத்தால் ஐம்பது கிலோ மூட்டை மூன்றரை, நாலு ஆகும் என்று கணக்குப் போட்டுச் சொன்னேன். மூட்டை விலையைக் கேட்டார், அதையும் சொன்னேன்.

அவர் தன் கூட்டத்தின் தலைகளை மனசுக்குள் பெருக்கிப் பார்த்திருக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் கச்சி மொழியில் ஏதோ சொன்னார், இரண்டு பேரும் சத்தமாகச் சிரித்தார்கள். என்ன சொன்னார் என்று நண்பரிடம் கேட்டேன். “வேண்டாமுங்கண்ணா, மோரைக் குடிங்க” என்றார்.